கிற்றார்ச் சத்தம் மங்கினால், இரைந்தால், நின்றால்: அம்ப்ளிபயரைத் திறக்க முதல் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் இப்போதும் மூன்று அம்ப்ளிபயர்கள் கிடக்கின்றன. மூன்றும் "போயிட்டுது அண்ணை" என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தவை. மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுக்குக் கேபிள் பிழை. இன்னொன்றுக்கு முன்னால் இருந்த பெடலில் (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற பெட்டி) பற்றரி செத்திருந்தது. மூன்றாவதின் சொந்தக்காரர் கிற்றாரைத் தவறான ஓட்டையில் செருகியிருந்தார். அவர்களுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகத்தான் நேரமில்லை.

கோவில் கச்சேரி, தேவாலயப் பாடகர் குழு, கலியாண வீட்டு பாண்ட் என்று யார் கொண்டுவந்தாலும் திரும்பத் திரும்ப இதே கதைதான். அதனால் நான் பார்க்கும் ஒழுங்கிலேயே எழுதிவைக்கிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

"பஃபர்" என்ற சொல் அடிக்கடி வரும். தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்குகிற பிக்கப்பில் இருந்து வருகிற சமிக்ஞை நோஞ்சான். நீளக் கேபிளையும் பத்துப் பெடலையும் இழுக்க அதற்குப் பலம் போதாது. பஃபர் என்பது சத்தத்தைக் கூட்டாமல் அந்தப் பாரத்தை மட்டும் தன் தோளில் வாங்கிக்கொள்கிற சின்னச் சுற்று. அது இல்லாததாலும் பிழை வரும், இடம் மாறி இருந்தாலும் வரும், செத்துப்போனாலும் வரும்.

## எந்தப் பிழை என்றாலும் முதலில் இது

மூன்று மீற்றருக்கு மேற்படாத, நல்லதென்று தெரிந்த ஒரு கேபிள் எடுங்கள். கிற்றாரில் வொலியூம், டோன் இரண்டையும் முழுதாகத் திறந்து, நடுவில் ஒரு பெடலும் இல்லாமல் நேரே அம்ப்ளிபயரின் முன் ஜாக்கில் செருகுங்கள்.

சத்தம் சரியாக வந்தால் அம்ப்ளிபயரை மறந்துவிடுங்கள். பிழை நீங்கள் கழற்றி வைத்தவற்றுக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு போங்கள். எதைச் சேர்த்ததும் கெடுகிறதோ அதுதான் ஆள்.

சரியாக வராவிட்டால் இன்னொரு கிற்றாரை அதே கேபிளில் செருகுங்கள். அது சரியென்றால் உங்கள் கிற்றாரில் பிழை. அதுவும் கெட்டிருந்தால் மட்டும் அம்ப்ளிபயரைச் சந்தேகப்படலாம்.

இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் நானே இரண்டு இரவு வீணாக்கியிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

## அறிகுறி: சத்தம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கல்

அதிகம் வருவது இதுதான். ட்ரெபிளை எவ்வளவு கூட்டினாலும் பளிச்சென்று இராது, இரைச்சல்தான் கூடும். எப்போது மங்குகிறது என்று பார்த்து வழியைப் பிரியுங்கள்.

### நேரே செருகினாலும் மங்கல்

எந்த ஓட்டை என்று பாருங்கள். பழைய பாணி வால்வு அம்ப்ளிபயர்களில் இரண்டு இன்புட் இருக்கும், 1 என்றும் 2 என்றும், அல்லது ஹை என்றும் லோ என்றும். முதலாவது கிற்றாருக்கு 1 மெகா ஓம் தடையைக் காட்டும். இரண்டாவது ஏறத்தாழ 136 கிலோ ஓம்தான் காட்டும், சத்தத்தையும் பாதியாக்கும். தடை இவ்வளவு குறைந்தால் சாதாரண பிக்கப்புக்கு அது பாரம். கிற்றாரை மிக்ஸரின் லைன் இன்புட்டிலோ கீபோர்ட் அம்ப்ளிபயரிலோ செருகினால் இன்னும் மோசம். அங்கே 10, 20 கிலோ ஓம்தான் இருக்கும். மிக்ஸரில் "ஹை-ஸெட்" அல்லது "இன்ஸ்ட்ருமென்ட்" என்று சுவிட்ச் இருந்தால் அமத்துங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு பஃபரோ பற்றரியில் ஓடும் டீஐ பெட்டியோ (கருவியை மிக்ஸரோடு இணைக்கிற இடைப்பெட்டி) வேண்டும்.

ஓட்டை சரியென்றால் கேபிள். இப்போது வருகிற மலிவு மல்டிமீற்றர்கள் பலவற்றில் கொள்ளளவம் பார்க்கும் வசதி உண்டு. கேபிளின் ஒரு முனையை எதிலும் செருகாமல் விட்டு, மற்ற முனையின் நுனிக்கும் உடலுக்கும் இடையில் அளவுங்கள். நல்ல கேபிள் மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவில் இருக்கும். ஆறு மீற்றர்க் கேபிள் 600, 700 காட்டினால் நியாயம். அதே நீளத்துக்கு 1,200 காட்டினால் அந்தக் கேபிள்தான் உங்கள் ட்ரெபிளைத் தின்கிறது. தொலைபேசி வயர்போல் சுருண்ட கேபிள்கள் பார்க்க அழகு. உள்ளே ஓடுகிற வயரின் நீளம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு.

கேபிளும் சரியென்றால் கிற்றாரின் டோன் பொட், அதாவது டோன் குமிழுக்குக் கீழே இருக்கிற திருகு தடை. அதைக் கழற்றுவது சின்ன வேலை. சோல்டர் பிடிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

### பெடல்கள் எல்லாம் ஓஃப், ஆனாலும் மங்கல்

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி வந்தார். தேவாலயத்தில் வாசிப்பவர். பலகையில் ஒன்பது பெடல், ஒன்பதும் ட்ரூ பைபாஸ், அதாவது ஓஃப்பில் இருந்தால் சமிக்ஞையை ஒரு சுற்றும் தொடாமல் நேரே கடத்திவிடுபவை. "பைபாஸ் எண்டா வயர் மாதிரித்தானே அண்ணை, அது என்னத்தைக் கெடுக்கும்?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை, வயர் மாதிரித்தான். கிற்றாரில் இருந்து பலகைக்கு ஆறு மீற்றர், பெடல்களுக்கு இடையில் குட்டிக் கேபிள்கள் எல்லாம் சேர்த்து இரண்டு மீற்றர், பலகையில் இருந்து மேடைக்குப் பின்னால் இருந்த அம்ப்ளிபயருக்கு இன்னொரு ஆறு. அவருடைய பிக்கப் பதினான்கு மீற்றர் வயரைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அம்ப்ளிபயரை விற்று வேறு வாங்க விலையும் பேசி முடித்திருந்தார்.

சோதனை சுலபம். பலகையின் தொடக்கத்தில் பஃபர் உள்ள பெடல் ஒன்றை வையுங்கள், அதை ஓஃப்பிலேயே விடுங்கள். பொஸ் பெடல்கள் அனேகமாக எல்லாமே ஓஃப்பில் இருந்தாலும் சமிக்ஞையைப் பஃபர் வழியாகத்தான் அனுப்பும். டீயூ-3 டியூனரும் அப்படித்தான். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரும் அந்த வகை. தம்பியின் ஒன்பதுக்கு முன்னால் என்னிடம் இருந்த டியூனரை வைத்து ஒரே ஒரு கோர்ட் அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு ட்ரெபிளைக் குறைக்கக் குனிந்தார்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பஃபர் நிற்க வேண்டிய இடம் கிற்றாரின் பக்கம். நீளக் கேபிள் முடிந்த பிறகு, அம்ப்ளிபயர் வாசலில் வைத்தால் இழந்த ட்ரெபிள் திரும்பி வராது. அடுத்தது, ஒன்று போதும். மிக நீளமான மேடையென்றால் பலகையின் கடைசியில் இரண்டாவது. ஒன்பதும் பஃபராக இருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கும்.

வயர்லெஸ் பாவிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பே தேவையில்லை. இடுப்பில் மாட்டுகிற அந்த டிரான்ஸ்மிற்றர் தானே ஒரு பஃபர்.

### கிற்றார் வொலியூமைக் குறைத்தால் மட்டும் மங்கல்

இது பழுதல்ல, அமைப்பே அப்படி. 500 கிலோ ஓம் பொட்டை மின்னளவில் பாதிக்குக் குறைத்தால் கேபிளின் பக்கம் பார்க்கிற தடை 125 கிலோ ஓமுக்கு ஏறும். 600 பிக்கோபரட் கேபிளோடு அது சேர்ந்தால் 2,100 ஹேர்ட்ஸுக்கு மேலே சத்தம் சரியத் தொடங்கும். கேபிளைக் கட்டையாக்குங்கள். போதாவிட்டால் வொலியூம் பொட்டின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் 1 நனோபரட் கபாசிட்டரையும் 150 கிலோ ஓம் தடையையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கொத்துரொட்டிக் காசு வராது. கேபிளுக்குப் பிறகு வைக்கிற பஃபர் இங்கே உதவாது. மங்கல் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

### லூப்பில் பெடல் போட்டால் மங்கல்

அம்ப்ளிபயரின் பின்புறம் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கும். சமிக்ஞை செண்டில் வெளியே போய், பெடல் வழியாக ரிட்டர்னில் உள்ளே வருகிற வழிதான் லூப். சில வால்வு அம்ப்ளிபயர்களில் செண்ட் ஜாக்குக்குப் பின்னால் பஃபர் கிடையாது. அங்கே இருந்து மேடை முன்னுக்குக் கேபிளை இழுத்துத் திரும்பக் கொண்டுவந்தால் கிற்றாரில் நடந்ததேதான் நடக்கும். முதலில் டிலே பெடலை அம்ப்ளிபயருக்கு மேலேயே வைத்துக் கட்டைக் கேபிளில் கேட்டுப் பாருங்கள். சரியென்றால் செண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பஃபர் வையுங்கள்.

## அறிகுறி: வீணை, வயலின், அகூஸ்டிக் கிற்றார் தகரம் மாதிரிக் கேட்கிறது

நவராத்திரி வந்தால் இந்த அழைப்பு வராத வருடம் இல்லை. போன முறை ஒரு வீணை டீச்சர். "தம்பி, என்ர வீணை தகரப்பேணியைத் தட்டின மாதிரிக் கேக்குது. சவுண்ட் பெடியன் பாஸைக் கூட்டிக்கூட்டிப் பாத்திட்டான், உறுமலாத்தான் வருது." குடத்தின் பக்கத்தில் ஒட்டி அதன் அதிர்வை வாங்குகிற பியஸோ பிக்கப், அதில் இருந்து நேரே மிக்ஸரின் லைன் இன்புட். போய்ப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பியஸோவுக்குக் கம்பிச்சுருள் பிக்கப்பின் கணக்கு ஒத்துவராது. அங்கே பாரம் கூடினால் ட்ரெபிள் போகும். இங்கே அடிச்சத்தம் போகும். ஒட்டுப் பிக்கப் ஒன்றை 500 பிக்கோபரட் என்று வைத்துக்கொண்டால், 1 மெகா ஓமில் செருகினாலே 320 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று வீணையின் நான்கு வாசிப்புத் தந்தியும் திறந்த நிலையில் அதற்குக் கீழேதான் நிற்கின்றன. 10 மெகா ஓம் கொடுத்தால் அந்த எல்லை 32 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும், கவலையில்லை. மிக்ஸரின் 10 கிலோ ஓமில் செருகினால் மிஞ்சுவது மேலே இருக்கிற கிறீச்சு மட்டும். பாஸைக் கூட்டினால் உறுமல் கூடுகிறதே தவிர, இல்லாத வீணை எங்கிருந்து வரும்?

சோதித்துப் பார்க்கிற ஒழுங்கு:

ஒட்டு சரியா? மெழுகோ பசையோ காய்ந்து ஒரு பக்கம் எழும்பியிருந்தாலும் தகரச் சத்தம்தான். விரலால் மெதுவாக அமத்திக்கொண்டு மீட்டச் சொல்லுங்கள். சத்தம் தடித்தால் திரும்ப ஒட்டினால் போதும்.

அடுத்தது, எதில் செருகியிருக்கிறது? லைன் இன்புட் என்றால் கழற்றி ஹை-ஸெட் இன்புட்டிலோ கிற்றார் அம்ப்ளிபயரிலோ செருகுங்கள். உடனே பாதி வித்தியாசம் தெரியும்.

மிச்சப் பாதிக்குப் பியஸோவுக்கென்றே செய்த ப்ரீஅம்ப் (மிக்ஸருக்கு முன்னால் சமிக்ஞையைத் தூக்கிவிடுகிற சின்னப் பெட்டி) வேண்டும். வாங்கும்போது உள்வரும் தடை 10 மெகா ஓம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1 மெகா ஓம் கிற்றார்ப் பஃபர் ஒப்பேற்றும், அவ்வளவுதான். பற்றரியோ ஃபான்டம் மின்சாரமோ (மிக்ஸர் கேபிள் வழியாகவே அனுப்புவது) இல்லாத டீஐ பெட்டி இதற்கு வேண்டவே வேண்டாம்.

பியஸோவில் இருந்து ப்ரீஅம்ப்புக்குப் போகும் கேபிள் கட்டையாக இருக்கட்டும். இங்கே நீளக் கேபிள் ட்ரெபிளைத் தின்னாது, மொத்தச் சத்தத்தையே தின்னும். 500 பிக்கோபரட் பிக்கப்புக்கு 600 பிக்கோபரட் கேபிள் போட்டால் பாதிக்கு மேல் போய்விடும். ப்ரீஅம்ப்பைப் பாயிலேயே, டீச்சரின் பக்கத்திலேயே வையுங்கள். அதற்குப் பிறகு மிக்ஸர் வரைக்கும் எவ்வளவு நீளம் என்றாலும் பரவாயில்லை.

டீச்சரின் கச்சேரிக்கு என் ப்ரீஅம்ப்பைக் கொடுத்தேன். அது இன்னும் திரும்பி வரவில்லை; வருகிற நவராத்திரிக்கு வரும்போல.

## அறிகுறி: சத்தமே இல்லை

### பெடல் வழியாகப் போனால் மட்டும் இல்லை

பஃபர் உள்ள பெடலுக்கு மின்சாரம் நின்றுவிட்டால் ஓஃப்பில் இருந்தாலும் சத்தம் போகாது. பலருக்கு இது தெரியாது. ட்ரூ பைபாஸ் பெடல் செத்தாலும் வழிவிடும். பஃபர் செத்தால் வாசலைப் பூட்டிவிட்டுச் சாகும்.

பற்றரியை அளவுங்கள். புது 9 வோல்ற் பற்றரி 9.4, 9.5 காட்டும். 7.5க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். இன்புட் ஜாக்கில் கேபிளைச் செருகின கணத்தில் இருந்து, பெடல் ஓஃப்பில் இருந்தாலும், பற்றரி ஓடிக்கொண்டிருக்கும். பயிற்சி முடிந்து அப்படியே விட்டுவிட்டுப் போனால் அடுத்த ஞாயிறு பலி.

அடப்டர் என்றால் முனையைப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற், நடு முனை நெகட்டிவ். ரௌட்டருக்கு வந்த அடப்டரில் நடு முனை பொசிட்டிவ், அளவும் பெரும்பாலும் 12 வோல்ற். "ஓட்டை பொருந்துது" என்று செருகிப் பெடலைச் சாகடித்தவர்களை எனக்குத் தெரியும்.

கனடாவில் இருந்து மாமாவோ மச்சானோ கொண்டுவந்த சாமான் என்றால் பின்னால் எழுதியிருப்பதை வாசியுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அடப்டர் 100-240 என்றால் சரி. அம்ப்ளிபயரில் 120 மட்டும் எழுதியிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகவே கூடாது. ஏற்கனவே செருகி ஒரு "டப்" கேட்டிருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டுத் திருத்துகிறவரிடம் போங்கள்.

நீங்களே செய்த பஃபர் என்றால், உள்ளே டீஎல்072 இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு முனையை ஏர்த்தில் வைத்து 8ஆம் காலை அளவுங்கள், ஏறத்தாழ 9 வோல்ற். 4ஆம் கால் பூச்சியம். 1ஆம் கால் பாதி, அதாவது 4.5. 3ஆம் கால் 4.5க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் பயப்படாதீர்கள், உங்கள் மீற்றரே அதைக் கீழே இழுக்கிறது. 1ஆம் கால் எட்டு வோல்ற்றிலோ பூச்சியத்துக்குப் பக்கத்திலோ ஒட்டிக்கொண்டு நின்றால், பாதி வோல்ற்றைக் கொடுக்கிற இரண்டு தடைகளில் ஒன்று விட்டிருக்கும். அவை நல்லாக இருந்தால் ஐசி போய்விட்டது. அந்த ஐசிதான் பெட்டிக்குள் இருப்பவற்றில் மலிவான ஒன்று. புறக்கோட்டைப் பக்கம் போகிறபோது இரண்டாக வாங்கி வையுங்கள்.

### நேரே செருகினாலும் இல்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது

முன்னால் சொன்ன இரண்டு இரவுக் கதை இதுதான். நண்பர் ஒருவரின் அம்ப்ளிபயர். விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் இருக்கிறது, கிற்றார் மட்டும் இல்லை. ஓங்கி ஒரு கோர்ட் அடித்தால் ஒரு வினாடி வந்துவிட்டுப் போகும். நான் பெரிய ஆள் மாதிரிப் பலகையைக் கழற்றி, தடை தடையாக அளந்து, மறுநாளும் அளந்தேன். பிழை பின்னால் ரிட்டர்ன் ஜாக்கில். அதில் ஒன்றும் செருகாதபோது உள்ளே இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு சமிக்ஞையைக் கடத்த வேண்டும். அவர் வீடு மரைன் டிரைவ் பக்கம், யன்னலைத் திறந்தால் கடல். தகட்டில் உப்புக்காற்றுப் பச்சை பூத்திருந்தது, பழைய செப்புக் குடத்தின் அடியில் பூப்பதுபோல.

சோதனைக்கு ஒரு குட்டிக் கேபிள் போதும். செண்டில் ஒரு முனை, ரிட்டர்னில் மறுமுனை. சத்தம் திரும்பி வந்தால் பிழை அந்தத் தகடுகள். அம்ப்ளிபயரை ஓஃப் பண்ணி, பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றி, கொன்டாக்ட் கிளீனரை ஒரு பிளக்கில் அடித்து ஜாக்கில் இருபது தரம் செருகி எடுங்கள். டபிள்யூடி-40இன் சாதாரண நீலப் பேணி அதற்கில்லை. எண்ணெய் தங்கித் தூசியைப் பிடிக்கும். ஆறு மாதத்தில் திரும்ப வந்தால் ஜாக்கை மாற்றச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அந்தக் குட்டிக் கேபிளை நிரந்தரமாகவே செருகி வைக்கலாம். நான் வைத்திருக்கிறேன்.

அப்படியும் வராவிட்டால் கேபிளைக் கிற்றாரில் மட்டும் செருகி, மறுமுனையில் ஓம் அளவுங்கள். 5 முதல் 16 கிலோ ஓம் வரை காட்டினால் சாதாரண பிக்கப் நலம். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ வயர் விட்டிருக்கிறது. பூச்சியம் என்றால் எங்கோ முட்டுகிறது. பற்றரி போட்ட பிக்கப் உள்ள கிற்றாருக்கு இந்த அளவு பொருந்தாது, அதற்குப் பற்றரியைப் பாருங்கள்.

கிற்றாரும் நலம், லூப்பும் நலம், ஆனாலும் சத்தம் இல்லை என்றால் அதுதான் உங்கள் எல்லை.

## அறிகுறி: பஃபர் போட்ட பிறகு ஃபஸ் பெடல் கெட்டுவிட்டது

சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குகிற ஃபஸ் பெடல் மிக்ஸி மாதிரிக் கர்ரென்று கேட்கும். கிற்றார் வொலியூமைக் குறைத்தால் முன்பு துப்புரவாகும், இப்போது ஆகாது. பழைய பாணி இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல்கள் பிக்கப்போடு நேரே கைகோத்து வேலை செய்பவை. நடுவில் யாரும் நின்றால் பிடிக்காது. ஃபஸ்ஸை முதலாவதாக வைத்துப் பஃபரை அடுத்ததாக வையுங்கள். டியூனரை முன்னால் வைத்தே ஆக வேண்டும் என்றால் ட்ரூ பைபாஸ் டியூனர் தேடுங்கள். வயர்லெஸ்காரர்களும் இங்கேதான் மாட்டுவார்கள்.

வா பெடல் ஃபஸ்ஸுக்கு முன்னால் இருந்து வேலை செய்ய மறுத்தால் கதை தலைகீழ்: அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பஃபர் உதவும். காரணம் கேட்காதீர்கள், செய்து கேளுங்கள்.

## அறிகுறி: உறுமல், கீச்சல், இரைச்சல்

### தந்தியைத் தொட்டால் குறைகிறது

சாதாரணம். மண்டபத்தின் மின்விளக்கு, டிமர், சோடனை லைட் எல்லாவற்றையும் பிக்கப் வாங்குகிறது. திரும்பி நின்று பாருங்கள், ஒரு பக்கத்தில் குறையும்.

### தந்தியைத் தொட்டால் கூடுகிறது, அல்லது கையில், மைக்கில் வாய் பட்டால் சுள்ளென்கிறது

உடனே நிறுத்துங்கள். தந்தியை விட்டுவிட்டு, சுவர்ச் சுவிட்சை ஓஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றுங்கள். இது சத்தப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

அனேகமாக ஏர்த் இல்லை. பேனா மூடியால் 13 அம்பியர் ஓட்டையின் மேல் துவாரத்தை அமத்தி, இரண்டு முள் பிளக்கைத் திணிக்கிறோமே, அந்த வேலைதான். அல்லது எக்ஸ்டென்சன் வயரில் மூன்றாவது வயரை யாரோ இணைக்கவில்லை. அல்லது உறுமலை நிற்பாட்ட யாரோ ஒரு மகான் ஏர்த் முள்ளை வெட்டியிருக்கிறார். வேறு எக்ஸ்டென்சன், வேறு பொயின்ற் பாருங்கள். மண்டபம் முழுதும் அப்படியென்றால் எலக்ரீசியன் வரும்வரை வாசிக்காதீர்கள். ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்றால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கச்சேரி நடத்தக் கூடாது. நடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

### பெடல்களைச் சேர்த்தால் மட்டும்

மெல்லிய கீச்சல் என்றால் மின்சாரம். ஒரே அடப்டரில் சங்கிலிபோல் எல்லாப் பெடலும் தொங்கும்போது டிஜிட்டல் டிலேயின் கீச்சலைப் பஃபர் உள்ள பெடல் வாங்கி எல்லோருக்கும் பகிரும். சந்தேகமான பெடலைப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். கீச்சல் நின்றால் ஒவ்வொரு வழியும் தனித்தனியான சப்ளை ஒன்று வாங்க வேண்டியிருக்கும். இது செலவு; அதனால் பற்றரிச் சோதனையைச் செய்யாமல் வாங்காதீர்கள்.

கனத்த உறுமல், அதுவும் லூப்பையும் முன் இன்புட்டையும் சேர்த்து நாலு கேபிளாகப் பூட்டினபோது வந்தால், ஏர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே பொயின்றில் இருந்து எடுத்துப் பாருங்கள். மிக்ஸருக்குப் போகிற வழியில் வந்தால் டீஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அது அதற்குத்தான் இருக்கிறது.

### ஒன்றும் செருகாமலே உறுமுகிறது

எல்லா வொலியூமும் பூச்சியத்தில், ஆனாலும் 'ம்ம்ம்' என்று நின்றால் பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தைச் சீராக்குகிற பெரிய கபாசிட்டர்கள் வயதாகிவிட்டன. கடை வேலை, நீங்கள் தொடாதீர்கள்.

## அறிகுறி: கரகரப்பும் "டொப்"பும்

பொட்டைத் திருகும்போது கரகரத்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தரம் திருகுங்கள். அது இரண்டு நாளில் திரும்பினால், தூசி இல்லை; பொட்டுக்குள் டீசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கசிகிறது. பெடலை ஒன் பண்ணி, அதன் அவுட்புட்டில் மீற்றரை டீசி மில்லிவோல்ற்றில் வையுங்கள். சில வினாடிகளில் பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். வோல்ற் கணக்கில் நின்றால் அந்தப் பஃபரின் கடைசிக் கபாசிட்டர் கசிகிறது. மாற்றுவது சில்லறைச் செலவு. அதே கரகரப்பு அம்ப்ளிபயரின் சொந்தப் பொட்டில், வால்வு அம்ப்ளிபயரில் என்றால், அங்கே கசிவது நூற்றுக்கணக்கான வோல்ற்றின் ஓரம். கடைக்கு.

ட்ரூ பைபாஸ் பெடலை மிதித்ததும் "டொப்" என்று முதல் தரம் மட்டும் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தரமும் என்றால் இன்புட்டில் இருந்து ஏர்த்துக்கு ஒரு 1 மெகா ஓம் தடை பிடித்துப் பாருங்கள். அனேகமாகத் தீரும்.

## அறிகுறி: மெதுவாக வாசித்தால் நல்லது, ஓங்கினால் உடைகிறது

பற்றரி, பற்றரி, பற்றரி. அக்டிவ் பேஸ் கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பத்துக்கு ஒன்பது. புதுப் பற்றரியிலும் உடைந்தால், 9 வோல்ற் பஃபரை அம்ப்ளிபயரின் லூப்பில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே ஓடுகிற சமிக்ஞை கிற்றாரைவிடப் பெரியது, சின்னப் பஃபருக்கு அது கொள்ளாது. 18 வோல்ற்றைத் தாங்கும் என்று பெடலிலேயே எழுதியிருந்தால் மட்டும் அதைக் கொடுங்கள்.

## கடைக்குக் கொண்டுபோகும் கட்டம்

வால்வு அம்ப்ளிபயரின் மூடியைக் கழற்ற வேண்டிய எந்த வேலையும் கடை வேலை. 300, 400 வோல்ற் உள்ளே நிற்கும், சுவரில் இருந்து கழற்றின பிறகும் கபாசிட்டர்களில் தங்கியிருக்கும். ஃபியூஸ் ஒரு தரம் போனால் அதே அளவு ஃபியூஸ் ஒன்று போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது தரமும் போனால் நிறுத்துங்கள், பெரிய ஃபியூஸ் தேடாதீர்கள். புகை, எரிந்த வாசனை, ஒரு வால்வு மட்டும் செக்கச்செவேலென்று எரிவது, இவற்றுக்குச் சோதனை என்று ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் கழன்ற வால்வு அம்ப்ளிபயரை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், டிரான்ஸ்போமர் போகும். அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது.

கொண்டுபோகும்போது அம்ப்ளிபயரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அன்று பிழை வந்தபோது இருந்த அதே கிற்றார், அதே கேபிள், அதே அடப்டர் எல்லாம் கொண்டுபோங்கள். நேரே செருகினபோது என்ன நடந்தது, செண்டையும் ரிட்டர்னையும் சேர்த்தபோது என்ன நடந்தது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். என் முன்னறையில் கிடக்கிற மூன்றில் ஒன்றிலாவது அப்படி ஒரு துண்டு இருந்திருந்தால், அதைத் தொலைபேசியிலேயே முடித்திருப்பேன்.